மீன் வறுவல் வாசம் வீசிய கார்

அத்தியாயம் ஒன்பது

"பாஸ், இந்தக் கார்ல கூட்டிட்டு வர்றதுக்குப் பதிலா என்னையும் அந்த எண்ணெய்ச் சட்டியிலயே போட்டு வறுத்திருக்கலாம்," என்றான் டோபின்.

ஆறடி உயரத்தையும் அதற்கேற்ற அகலத்தையும் முன் இருக்கையில் மடக்கி வைத்திருந்தான். மதியச் சாப்பாடு இல்லை. கிளேட்டன் வீலாக்கின் பழைய ஜெர்மன் டீசல் கார், தீயணைப்பு நிலையத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் மிஞ்சிய எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவு ரப்பர் கிழிந்து எத்தனையோ குளிர்காலம் ஆகிவிட்டது. புகையில் பாதி ஊருக்குப் போனது, மீதி டோபினின் மூக்குக்கு வந்தது. வெறும் வயிற்றோடு வறுத்த மீனையும் வெங்காய வளையத்தையும் முகர்ந்துகொண்டே மலை ஏறுவது எந்தச் சட்டத்திலும் இல்லாத தண்டனை.

"வாயை மூடு. வாசம் வராது," என்றாள் பின்னாலிருந்த ஆர்லீன் குஷ்மன்.

"வாசம் மூக்கு வழியால்ல வருது, பாஸ்?"

"அப்ப ரெண்டையும் மூடு."

வெர்மான்ட்டின் அந்த மலைப்பக்கத்தில் துப்பறிவாளர் என்று பலகை மாட்டியிருந்தவள் ஆர்லீன் ஒருத்திதான், அவளுக்கு உதவியாள் டோபின். அவளுக்கு வரும் வழக்குகளில் பாதி, வேலி தாண்டிய மாடுகள். இந்த வழக்கு அப்படி இல்லை. ஜோஸ்லின் டாட்ரோ என்ற பெண் முந்தாநாள் ஆர்லீனின் தொலைபேசியில் ஒரு செய்தி விட்டிருந்தாள்: "எங்கப்பா மேல தப்பு இல்ல. ஆதாரம் கையில இருக்கு. நாளைக்கு வந்து காட்டறேன்." வரவில்லை. அவள் வீட்டு அடுப்பு அணைந்து கிடந்தது. பனிப்புயல் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தக் குளிரில் ஒருத்தி எங்கோ வெளியே இருக்கிறாள் என்றால், இருட்டுவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். இருட்டிய பிறகு கண்டுபிடித்தால் புதைக்கத்தான் முடியும்.

கிடைத்த துப்பு ஒன்றே ஒன்று. பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் ரெமி இன்று காலை ஆர்லீனைக் கூப்பிட்டு, "கரடி மலை மேல மேப்பிள் பாகு காய்ச்சற கொட்டகை இருக்கில்ல, அதுல நேத்து காலைல புகை வந்துச்சு. ஜனவரில எந்தக் கிறுக்கன் பாகு காய்ச்சறான்?" என்று கேட்டுச் சிரித்தான். மார்ச் பிறக்காமல் மேப்பிள் மரம் ஒரு சொட்டுச் சாறு தராது. கொட்டகையின் சொந்தக்காரர்களோ பாஸ்டன்காரர்கள், கோடைக்கு மட்டும் வருகிறவர்கள். ரெமி சிரித்தான், ஆர்லீன் சிரிக்கவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய கார் பள்ளத்தில் மூக்கைப் புதைத்துக் கிடந்தது. அன்றைக்கு ஊரில் நகர்ந்த கார் கிளேட்டனுடையது மட்டும்தான். கேட்டதும் அவர், "புகையா? எப்பப் பார்த்தானாம்?" என்றார். நேற்றுக் காலை என்றதும் தொப்பியை எடுத்தார்.

"வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். நம்ம லைமனோட பொண்ணாச்சே."

கிளேட்டனுக்கு அறுபது வயது. ஊருக்கு எண்ணெய்க் கார் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர். உணவகங்கள் கொட்டுகிற எண்ணெயை வாங்கி வடிகட்டித் தன் காருக்கு ஊற்றினார். அதையே கொட்டிலில் பக்குவம் செய்து பள்ளிப் பேருந்துக்கும் கொடுத்தார். காரின் பின்னால் 'நூறு சதவீதம் தாவர எண்ணெய்' என்று எழுதி வைத்திருந்தார். பிள்ளை இல்லாத மனிதர், அந்தக் காரைத்தான் பிள்ளை போல வைத்திருந்தார்.

"நூறு சதவீதம்னு எழுதியிருக்கே, இந்தக் குளிர்ல எப்படிக் கிளம்புது?" என்று டோபின் கேட்டான்.

"தம்பி, இதுக்கு ரெண்டு வயிறு. கிளம்பறப்போ டீசல். இன்ஜின் சூடானதும் இந்த ஸ்விட்சைத் தட்டினா எண்ணெய்." முழங்காலுக்குப் பக்கத்தில் எதையோ தொட்டுக் காட்டினார், டோபினுக்குத் தெரியவில்லை. "வீடு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி மறுபடி டீசல். குழாயெல்லாம் கழுவி விட்டுடும். எங்காளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் இருக்கும். ஒருத்தனுக்கு ஆலை, ஒருத்தனுக்குப் பாலம். அங்க வந்ததும் கை தானாப் போயிடும்."

"போகலேன்னா?"

"எண்ணெய் குழாய்க்குள்ளேயே கட்டிப்போயிடும். அப்புறம் வசந்த காலம் வரைக்கும் காருக்கு லீவு."

நம்மூர் மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளுமே, அதுதான் விஷயம். இங்கே அது பாட்டிலோடு நிற்பதில்லை.

வெள்ளை மாதா கோவில் பனிக்குள் மங்கலாகத் தெரிந்து மறைந்தது. அதற்கு மேல் வீடு கிடையாது. காடும் ஏற்றமும்தான்.

"பாஸ், மீன்கடையை மூடிட்டாங்க போலிருக்கு," என்றான் டோபின் சற்றுப் போனதும். "பசி கொஞ்சம் அடங்கியிருக்கு."

"மூக்கு மரத்துப்போச்சு, தம்பி," என்று கிளேட்டன் சிரித்தார். "இந்தக் கார்ல வர்ற எல்லாருக்கும் ஆகறதுதான்."

ஏற்றத்தின் இரண்டாவது வளைவில் இன்ஜின் சத்தம் நின்றது. கார் தன் பாரத்தில் கொஞ்சம் உருண்டு, ஓரத்துப் பனியில் தோள் சாய்த்து நின்றுவிட்டது. கிளேட்டன் கைப்பிரேக்கை இழுத்தார். சாவியை உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"போச்சு. எண்ணெய் உறைஞ்சிடுச்சு."

"இன்னொரு தடவை கிளப்பிப் பாருங்களேன்."

"கிளப்பவே கூடாது. உறைஞ்ச எண்ணெயை இழுத்தா பம்ப் நொறுங்கிடும். யாரும் தொட வேணாம்."

டோபின் கைப்பேசியைப் பார்த்தான். அந்த மலை மடிப்பில் அது விளையாட்டுச் சாமான். கண்ணாடிகள் உள்பக்கமாகவே பூத்துப் போயின. வெளியே எது வானம், எது பாதை என்று தெரியவில்லை. புயல் பக்கவாட்டில் வந்து கிளேட்டன் பக்கத்துக் கதவில் பனியை அள்ளி அள்ளிச் சாத்தியது. காருக்குள் இருந்த சூடு, விருந்து முடிந்த வீட்டு உறவினர் போலச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

கிளேட்டன் ஒரு கம்பளியை எடுத்து நீட்டினார்.

டோபின் அதைப் போர்த்தி, உடனே முகத்தைச் சுளித்தான். "இதுக்குள்ள எத்தனை நாய் குடும்பம் நடத்துச்சு, கிளேட்டன்? ஒண்ணு நனைஞ்ச நாய். இன்னொண்ணு புகையிலை போடற நாய்."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. கால் விரல்கள் இருக்கின்றனவா என்று அசைத்துப் பார்த்தான். இருந்தன, ஆனால் வேறு யாருடையவோ போல இருந்தன. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர் எழும்பிக்கொண்டே வர, பெட்டிக்குள் போட்டு மூடுகிற மாதிரி அவனுக்கு நெஞ்சை அடைத்தது. வாய் ஓயாத ஆளுக்கு வந்த பயத்தை வெளியே காட்டிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

"கொட்டகை இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். "நான் இறங்கி நடக்கறேன், பாஸ். அந்தப் பொண்ணு அங்க இருந்தா..."

"லைமன் டாட்ரோவும் இப்படித்தான் இறங்கினான்," என்றார் கிளேட்டன் மெதுவாக.

ஜோஸ்லினின் அப்பா லைமன், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், பிள்ளைகளோடு பேருந்து இதே மலையில் நின்றது. பிள்ளைகளை நெருக்கமாக உட்கார வைத்துவிட்டு உதவி தேடி நடந்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள். அவரை மறுநாள் பனியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். இரவு முழுக்க இன்ஜினைச் சூடாக வைக்கிற மின்வயரை இங்கே எல்லோரும் படுக்கப்போகுமுன் செருகிவிடுவார்கள். வயர் சுருட்டியபடி கிடந்ததால், லைமன் அதைச் செருக மறந்துவிட்டார் என்று ஊர் சொன்னது. செத்தவர் பெயரில் அந்தப் பழியும் சேர்ந்து புதைந்தது. ஜோஸ்லின் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

"காரை விட்டு இறங்காம இருக்கறதுதான் புத்தி," என்றார் கிளேட்டன். "காலைல ரெமி பனி தள்ள வருவான். அதுவரைக்கும் மூணு பேரும் ஒண்ணா இருப்போம்."

"காலைலயா?" என்றாள் ஆர்லீன். "நாம மூணு பேர் இருப்போம். அவ இருப்பாளா?"

கிளேட்டன் பூத்த கண்ணாடியைக் கையுறையால் தேய்த்தார்.

ஆர்லீன் முன் இருக்கையின் முதுகில் கைவைத்துக் குனிந்தாள்.

"டோபின், கடைசியா எங்க வெச்சுப் பசிக்குதுன்னு சொன்னே?"

"பாஸ், சாகப்போற நேரத்துல என் வயித்தைக் கிண்டல் பண்ணாதீங்க."

"சொல்லு."

"மாதா கோவில் வரைக்கும் பசி உயிர் போச்சு. அதுக்கப்புறம் வாசம் வரல."

"மூக்கு மரத்துப்போச்சுன்னு சொன்னேனே," என்றார் கிளேட்டன்.

"மரத்துப்போன மூக்கா உங்க கம்பளியில ரெண்டு நாயைத் தனித்தனியாப் பிரிச்சுச் சொல்லுச்சு?" என்று கேட்டாள் ஆர்லீன். "டோபின், நிக்கறதுக்கு முன்னாடி கார்ல என்ன வாசம்?"

டோபின் கண்ணை மூடி யோசித்தான். "லாரி ஷெட் வாசம்." கண்ணைத் திறந்தான். "பாஸ்... டீசல் வாசம்."

"அப்ப மாதா கோவில்கிட்ட ஸ்விட்ச் மாறியிருக்கு. கிளேட்டன், வீடு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதானே மாத்துவீங்க? கார் நிக்கப்போகுதுன்னு தெரிஞ்சா மட்டும்தானே?" அவள் குரல் உயரவே இல்லை. "எதிர்பாராம நின்ன காருக்கு எவனும் முன்கூட்டியே குழாய் கழுவ மாட்டான். குழாய்ல இருக்கறது எண்ணெய் இல்ல, டீசல். டீசல் உறையல. இன்ஜின் தானா நிக்கல. நீங்க சாவியைத் திருப்பினீங்க."

"பைத்தியம் மாதிரி பேசாதீங்க, ஆர்லீன்."

"எங்களை இங்கேயே நிறுத்தி வெச்சா காலைல துப்பறியறவளே உங்களுக்குச் சாட்சி. பொண்ணு குளிர்ல செத்தப்போ நீங்க என்கூட கார்ல மாட்டிக்கிட்டிருந்தீங்க, பாவம். நல்ல யோசனைதான். பொய் சொல்றதுக்கு உங்களுக்கு நாக்கு கூசல. ஆனா இந்தக் காரைக் கெடுக்கறதுக்கு மனசு வரல பாருங்க, அங்கதான் சறுக்கிட்டீங்க."

கிளேட்டன் கதவின் மேல் பாய்ந்தார். கதவு ஒரு விரல்கடை திறந்து பனியில் முட்டி நின்றது. மறுபடி தோளால் இடித்தார். புயல் அந்தப் பக்கம் சாத்தி வைத்திருந்த சுவர் அசைந்து கொடுக்கவில்லை. காரில் வெளியே போகிற வழி இன்னும் இரண்டு மிச்சம். ஒன்றில் ஆர்லீன் கைவைத்திருந்தாள். மற்றதில் டோபின் இருந்தான்.

டோபின் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தான், அவ்வளவுதான். அவனுடைய எடைக்கு அதுவே போதும்.

"சாவி," என்றான். "மதியம் சாப்பிட்டிருந்தா இன்னும் வலிச்சிருக்கும்."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். டோபின் சாவியைத் திருப்பினான். உறைந்ததாகச் சொல்லப்பட்ட கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. மனிதர்களைவிட அது நேர்மையான பிறவி.

சக்கரங்கள் வழுக்கின, பின்னால் போயின, பிடித்துக்கொண்டன. ஏற்றத்தில் நத்தை வேகத்தில் ஏறும்போது கிளேட்டன் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"கொல்லணும்னு நெனைக்கல. பஸ் டாங்குல இருந்து ஒரு பாட்டில் எடுத்து வெச்சிருந்தா. வேலி மேல வெச்சாளாம், ஒரு ராத்திரியில பன்றிக்கொழுப்பு மாதிரி ஆயிடுச்சாம். ஊர்க் கூட்டத்துல காட்டப்போறேன்னா. தனியாப் பேசலாம்னு கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனேன். பாஸ்டன்காரங்க சாவி என்கிட்டதான் இருக்கு. அவ கத்தினா. நான் வெளிய வந்து பூட்டிட்டேன். கொஞ்ச நேரம் ஆறட்டும்னுதான். அப்புறம் வீட்டுக்குப் போய் உக்காந்தேன். திறந்து விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். புயல் வந்துடுச்சு."

"பஸ் டாங்குல இப்ப என்ன இருக்கு?"

"அவளைப் பூட்டின அன்னிக்கே காலி பண்ணிட்டேன்."

"குளிர்காலத்துல பாதிக்குப் பாதி டீசல் கலக்கணும்னு உனக்குத் தெரியாதா?" அதுவரை 'நீங்க' என்றவள் இப்போது நீ என்றாள்.

"தெரியும். எல்லாரும் என்னோட எண்ணெய் குளிருக்கு ஆகாதுன்னு சிரிச்சாங்க. நூறு சதவீதமும் ஓடும்னு காட்டணும்னு..."

"உன் காருக்கு டீசல் கொடுத்தே," என்றாள் ஆர்லீன். "பிள்ளைங்க போற பஸ்ஸுக்குக் கொடுக்கல."

கிளேட்டன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

கொட்டகைக் கூரை தெரிந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. டோபின் இடுப்பளவு பனியில் நீந்துவது போலப் போய்க் கிளேட்டனின் சாவியால் பூட்டைத் திறந்தான். உள்ளே இருட்டு. பாகு காய்ச்சும் நீண்ட தகரத் தொட்டி, அதன் கீழே செங்கல் அடுப்பு, கலைந்த விறகு. ஆள் இல்லை.

"ஜோஸ்லின்!"

பதில் இல்லை. டோபின் குனிந்து அடுப்பின் வாய்க்குள் பார்த்தான். பெரிய அடுப்பு, ஒரு கன்றுக்குட்டியே படுக்கலாம். சாம்பலுக்குள் இரண்டு கண்கள் திறந்தன.

அவன் அவளைக் கைகளில் வாரி எடுத்தான். முகம், முடி, கோட்டு எல்லாம் சாம்பல். செங்கல்லில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தது. அந்தச் சூட்டோடு ஒட்டிக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். டோபின் அழுதான். மறைக்கவும் இல்லை.

"விறகெல்லாம் ஈரம்," என்றாள் ஜோஸ்லின். உதடு வெடித்திருந்தது. "டப்பாவுல தீப்பெட்டி இருந்துச்சு. எதுவும் பத்தல. அந்தப் பாட்டில்ல இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாத் தடவித் தடவி..." அவள் விசும்பினாள். "ஆர்லீன், எங்கப்பாவுக்கு இருந்த ஒரே ஆதாரம். நானே எரிச்சுட்டேன்."

ஆர்லீன் தன் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினாள். "உங்கப்பா இருந்திருந்தா அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்."

வாசலில் கிளேட்டன் நின்றிருந்தார். பாட்டில் காலி என்று கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அதைப் பார்த்த டோபினுக்குக் கை துடித்தது. இரண்டு கையிலும் ஜோஸ்லின் இருந்ததால் அவர் தப்பித்தார்.

ஜோஸ்லினும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள்.

காருக்கு வந்ததும் டோபின் அவளை முன்னால் உட்கார வைக்கப் பார்த்தான். ஹீட்டர் முன்னால்தான் நன்றாக வரும்.

"வேணாம்," என்றாள். "நான் பின்னால அவர் பக்கத்துல உக்காரறேன்."

"பொண்ணே, வேண்டாமே," என்றான் டோபின்.

"அவர் பக்கத்துலதான்."

கிளேட்டனை நடுவில் தள்ளி, ஒரு பக்கம் ஆர்லீனும் மறுபக்கம் ஜோஸ்லினும் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், நீண்ட வழி. கார் இறக்கத்தில் ஊர்ந்தது. வெளியே இன்னும் வெள்ளைச் சுவர்தான். ஆனால் டோபினுக்கு இப்போது நெஞ்சை அடைக்கவில்லை.

"அன்னிக்கு பஸ்ல என்ன ஊத்தினீங்க?" என்று கேட்டாள் ஜோஸ்லின்.

கிளேட்டன் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் பார்க்க ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் நகர இடம் இல்லை.

"வெறும் எண்ணெய்," என்றார் கடைசியில். "டீசல் கலக்கல."

"எங்கப்பா வயரைச் செருகியிருந்தாரா?"

கிளேட்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார்.

"செருகியிருந்தார். காலைல எண்ணெய் ஊத்தப் போனப்போ பார்த்தேன். இன்ஜின் சூடா இருந்துச்சு. வயரை நான்தான் பிடுங்கிச் சுருட்டி வெச்சேன்."

"மறுபடி சொல்லுங்க."

சொன்னார்.

"சத்தமா. டோபினுக்கும் கேக்கற மாதிரி. எங்கப்பா பேரைச் சொல்லி."

"லைமன் டாட்ரோ வயரைச் செருகியிருந்தார்."

"மறுபடி."

ஆஸ்பத்திரி விளக்குகள் பனிக்குள் தெரியும் வரை அவள் கேட்பதை நிறுத்தவில்லை. குரல் உடைந்து, அழுகையும் வந்த பிறகும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.